இபோகா வேர்: காபோன் காட்டின் மருந்தும் அதன் வேதியியலும்

வாசகர் ஒருவர் கேட்டிருப்பது இது: "ஆப்பிரிக்காவில் இபோகா என்ற செடியின் வேர் ஒரே வேளையில் ஹெராயின் பழக்கத்தை அறுத்துவிடும் என்கிறார்கள். அங்குள்ள மக்கள் தலைமுறை தலைமுறையாகப் போதைப் பழக்கத்துக்கு அதைத்தான் கொடுத்துவருகிறார்கள் என்றும், அது நம் நந்தியாவட்டையின் சொந்தம் என்றும் படித்தேன். எவ்வளவு உண்மை? உறவினர் மகன் ஒருவனுக்காகக் கேட்கிறேன். நந்தியாவட்டை வேரைக் காய்ச்சிக் கொடுத்துப் பார்க்கலாமா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கூடாது. எந்த அளவிலும் கொடுக்கக் கூடாது. ஏன் என்பதற்கு இபோகாவின் கதையை முழுதாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நீங்கள் படித்ததில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதிதான் ஆபத்தானது.

தபெர்னாந்தே இபோகா என்பது தாவரவியல் பெயர். 1889இல் பிரெஞ்சுத் தாவரவியலாளர் ஆன்ரி பையோன் சூட்டியது. மத்திய ஆப்பிரிக்க நாடான காபோன்தான் அதன் தாயகத்தின் மையம். காமரூன், காங்கோ, எக்குவடோரியல் கினி காடுகளிலும் வளர்கிறது. பெரிய மரங்களின் நிழலில் ஆளுயரத்துக்கு நிற்கும் சாதாரணப் புதர்தான். எதிரெதிர் இலைகள், இளஞ்சிவப்புப் புள்ளியிட்ட வெளிர்நிறச் சிறு பூக்கள், ஆரஞ்சு நிறப் பழங்கள். கிளையை ஒடித்தால் வெள்ளைப் பால் வடியும். அலரி, நித்தியகல்யாணி, நந்தியாவட்டை எல்லாம் சேர்ந்த அப்போசைனேசி குடும்பத்தின் முத்திரை அந்தப் பால். ஆக, நந்தியாவட்டைக்குச் சொந்தம் என்று நீங்கள் படித்தது சரியே. மருந்துச் சரக்கு வேரின் பட்டையில் இருக்கிறது. மஞ்சள் கலந்த பழுப்பு நிறப் பட்டையைச் சுரண்டி எடுத்து உலர்த்திப் பொடியாக்குவார்கள். கடும் கசப்பு. மென்றால் நாக்கும் வாயும் மரத்துப்போகும்.

காபோன் மக்கள் இதை எதற்குப் பயன்படுத்தினார்கள் என்பதில்தான் இணையத்தில் பெரும் குழப்பம். அங்கே இது அளவைப் பொறுத்து இரண்டு வெவ்வேறு மருந்துகள். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் எழுதப்படும் எதையும் நம்ப வேண்டாம்.

சிறிய அளவில் இது களைப்பு நீக்கி. இரவு முழுவதும் வேட்டைக்குக் காத்திருப்பவர்கள், நெடுந்தூரம் நடப்பவர்கள், நாள் கணக்கில் படகு வலிப்பவர்கள் ஒரு சிட்டிகைப் பட்டையை மென்றார்கள். தூக்கம் வராது, பசியும் தாகமும் தாங்கும். 1864இல் கிரிஃபோன் து பெல்லே என்ற பிரெஞ்சுக் கடற்படை மருத்துவர் செடியின் மாதிரிகளை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார். ஐரோப்பியர் முதலில் கவனித்ததும் இந்த ஊக்கம் தரும் குணத்தைத்தான். காய்ச்சலுக்கும் ஆண்மைக் குறைவுக்கும்கூட இதைக் கொடுப்பதுண்டு. இதை முதலில் கண்டறிந்தவர்கள் பாபோங்கோ என்ற காட்டுவாசிகள் என்றும், அவர்களிடமிருந்தே மற்றவர்கள் கற்றார்கள் என்றும் காபோனின் பிற இனத்தாரே சொல்கிறார்கள். காட்டுப்பன்றியும் முள்ளம்பன்றியும் வேரைத் தோண்டித் தின்றுவிட்டுக் கிறங்கித் திரிவதைப் பார்த்து மனிதர் கற்றுக்கொண்டதாக ஒரு வாய்மொழிக் கதையும் உண்டு.

பெரிய அளவு என்பது முற்றிலும் வேறு உலகம். அது புவிட்டி என்ற சமய மரபுக்குள் மட்டும் நடப்பது. மிட்சோகோ, அபிஞ்ஜி இனங்களிடம் தோன்றி, பின்னர் ஃபாங் இனத்தாரிடம் பரவி, அங்கே கிறித்தவத்தோடும் கலந்த மரபு இது. தீட்சை பெற வருபவரை பான்சி என்பார்கள். ஆற்றில் குளிப்பாட்டி, செய்த குற்றங்களை வாய்விட்டுச் சொல்ல வைத்து, பிறகு பட்டைப் பொடியைக் கரண்டி கரண்டியாக ஊட்டுவார்கள். ஒக்குமே மரப்பிசின் ஊற்றிய தீப்பந்த வெளிச்சத்தில் ங்கோம்பி என்ற எட்டு நரம்பு யாழும், வாயில் வைத்து இசைக்கும் முகோங்கோ என்ற வில்லும் விடிய விடிய ஒலிக்கும். வாந்தி எடுப்பார், உடல் மரத்துவிடும், எழுந்து நிற்க முடியாது. கண்ணை மூடினால் இறந்த முன்னோர் வருவார்கள், தன் வாழ்க்கை முழுவதும் காட்சியாக ஓடும் என்கிறார்கள். இந்த நேரமெல்லாம் தாய், தந்தை என்று பொறுப்பேற்றுக்கொண்டவர்கள் பக்கத்தை விட்டு நகர மாட்டார்கள். பலருக்கு வாழ்நாளில் ஒரே ஒரு முறை நடக்கும் சடங்கு இது.

புவிட்டியில் மிசோகோ என்ற கிளை குறிப்பாக வைத்தியத்துக்கானது. ஆறாத நோய், தொடர்ந்து வரும் துரதிர்ஷ்டம், மலட்டுத்தன்மை, சூனியம் வைத்துவிட்டார்கள் என்ற அச்சம் ஆகியவற்றோடு வருபவருக்கு இபோகா கொடுத்து, அவர் காணும் காட்சியிலிருந்தே நோயின் மூலத்தை ங்கங்கா என்ற வைத்தியர் கண்டுசொல்வார். அதற்குப் பிறகுதான் வேறு மூலிகைகளால் சிகிச்சை. நோயைக் கண்டறியும் வழியாகத்தான் இங்கே இபோகா பயன்படுகிறது. நம்மவர் படிக்கும் கட்டுரைகளில் இந்த அடிப்படை அப்படியே விட்டுப்போகிறது.

பிரெஞ்சு ஆட்சியும் மிஷனரிகளும் புவிட்டியை ஒடுக்கினார்கள். ஆனால் சுதந்திர காபோனின் முதல் அதிபர் லியோன் ம்பாவே அதற்கு ஆதரவாக இருந்தவர். 2000இல் காபோன் அரசு இபோகாவைத் தேசியச் சொத்தாக அறிவித்தது.

அப்படியானால் ஹெராயின் எங்கே வந்தது? காபோனில் இல்லை, நியூயார்க்கில். 1962இல் ஹோவர்ட் லாட்சாஃப் என்ற 19 வயது இளைஞர், ஹெராயினுக்கு அடிமையாக இருந்தவர், புதுவகை மயக்கம் வேண்டி, இபோகா பட்டையின் தலைமை வேதிப்பொருளான இபோகெயினை விழுங்கினார். ஒரு நாளுக்கும் மேலாகக் காட்சிகள் ஓடி ஓய்ந்தபின் ஹெராயின் நினைப்பே வரவில்லை. நடுக்கம், வயிற்றுப்போக்கு, எலும்புவலி என்று ஹெராயினை நிறுத்தினால் வரும் எந்த வேதனையும் இல்லை. தன் நண்பர்களுக்கும் கொடுத்துப் பார்த்தார், அடிமைப்பட்டிருந்த பலருக்கும் அதே அனுபவம். 1985இல் காப்புரிமை வாங்கி, 2010இல் இறக்கும்வரை இதை மருந்தாக்கவே பாடுபட்டார். ஆகவே "ஆப்பிரிக்கர் காலங்காலமாகப் போதைப் பழக்கத்துக்குக் கொடுத்த மூலிகை" என்பது தவறு. போதை மீட்புக்கான பயன்பாட்டுக்கு வயது அறுபது சொச்சம்தான். காபோன் மரபின் பெயரைச் சொல்லி அதற்கு ஒரு பழைமைப் பாதுகாப்பைப் பூசுவது அந்த மக்களுக்கும் நியாயமில்லை, நோயாளிக்கும் நியாயமில்லை.

இனி வேதியியல். உலர்ந்த வேர்ப்பட்டையில் ஏறக்குறைய 6 சதவீதம் ஆல்கலாய்டுகள், அதாவது உடலில் வலுவாக வேலை செய்யும் நைட்ரஜன் கொண்ட தாவரப் பொருள்கள். ஒரு தாவரத்துக்கு இது மிக அதிகம். 1901இல் டிபோவ்ஸ்கி, லாந்த்ரேன் என்ற இருவரும், தனியாக ஆலேர், ஹெக்கெல் என்ற இருவரும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் பட்டையிலிருந்து தலைமை ஆல்கலாய்டைப் பளிங்காகப் பிரித்தெடுத்தார்கள். அதுதான் இபோகெயின். இருபது கார்பன், இருபத்தாறு ஹைட்ரஜன், இரண்டு நைட்ரஜன், ஓர் ஆக்சிஜன் என்ற இந்தச் சின்ன மூலக்கூறின் அமைப்பை உறுதிசெய்ய 1950களின் பிற்பகுதி வரை ஆனது. 1966இல் பூகி என்பவர் ஆய்வகத்தில் அதை முழுதாக உருவாக்கினார்.

அமைப்பை இப்படிப் புரிந்துகொள்ளலாம். ஒரு பக்கம் தட்டையான இண்டோல் வளையம். மறுபக்கம் நைட்ரஜனைக் கொண்ட ஒரு கூண்டு, ஐசோகுவினுக்ளிடின் என்று பெயர். இரண்டையும் இணைப்பது ஏழு அணுக்கள் கொண்ட வளையம். இந்த வெறும் சட்டகத்துக்கு இபோகமின் என்று பெயர். அதுவும் பட்டையில் இருக்கிறது. இண்டோலில் குறிப்பிட்ட ஓரிடத்தில் மெத்தாக்ஸி என்ற சிறு அணுத்தொகுதி ஒன்று சேர்ந்தால் இபோகெயின். அதே தொகுதி பக்கத்து இடத்தில் சேர்ந்தால் தபெர்னாந்தின். இரண்டு இடத்திலும் சேர்ந்தால் இபோகலின். ஒரே செடி ஒரே சட்டகத்தை வைத்துக்கொண்டு சிறுசிறு மாற்றங்களில் ஒரு குடும்பத்தையே செய்து வைத்திருக்கிறது. எனக்கு இந்தச் செடியின் மீது மாறாத வியப்பு வரக் காரணம் இதுதான்.

இந்தச் சட்டகத்தைச் செடி டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலத்திலிருந்து தொடங்குகிறது. நம் மூளையில் செரட்டோனின் உருவாவதும் அதே டிரிப்டோஃபானிலிருந்துதான். செடியில் அது டிரிப்டமினாகி, செக்கோலோகனின் என்ற பொருளோடு சேர்ந்து ஸ்டிரிக்டோசிடின் ஆகிறது. அப்போசைனேசி குடும்பத்தின் எத்தனையோ ஆல்கலாய்டுகளுக்குத் தாய்ப்பொருள் அது. அங்கிருந்து பல படிகள் கடந்தால் கொரோனாரிடின், வோகாங்கின் போன்ற ஆல்கலாய்டுகள் கிடைக்கின்றன. வோகாங்கினில் தொங்கும் ஓர் எஸ்டர் தொகுதியை நீக்கினால் அது இபோகெயின்.

நந்தியாவட்டை இங்கேதான் வருகிறது. அதன் உடலிலும் கொரோனாரிடின் உள்ளிட்ட இதே வகை ஆல்கலாய்டுகள் உள்ளன. நித்தியகல்யாணியும் சொந்தம்தான். மடகாஸ்கரிலிருந்து வந்து நம் தென் மாவட்டங்களில் ஏற்றுமதிக்காகப் பயிராகும் அந்தச் செடியில் உள்ள கேதரந்தின் இதே சட்டகத்தைக் கொண்டது, ஆனால் எதிர்த்திசையில் திரும்பியது, வலக்கைக்கு இடக்கை மாதிரி. அந்தக் கேதரந்தின், அதே செடியின் இன்னொரு ஆல்கலாய்டான விண்டோலினோடு இணைந்துதான் வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து உருவாகிறது. ஒரே சட்டகம், திசை மாறினால் வேலையும் மாறிவிடுகிறது. சொந்தம் என்ற காரணத்தைக் காட்டி ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைக் கொடுக்க முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். நந்தியாவட்டைப் பூவைக் கண்ணுக்கும், வேரைப் பல்வலிக்கும் பயன்படுத்தும் வழக்கம் நம்மிடம் உண்டு. வேரைக் காய்ச்சிக் குடித்துப் போதைப் பழக்கத்தை நிறுத்தும் வழக்கம் நம்மிடம் இருந்ததே இல்லை. அந்தக் கஷாயத்தில் எந்த ஆல்கலாய்டு எவ்வளவு இறங்கும் என்று வீட்டில் யாராலும் சொல்ல முடியாது.

உடலுக்குள் போனபின் நடப்பது இன்னும் சுவையானது. கல்லீரலில் சிவைபி2டி6 என்ற நொதி அந்த மெத்தாக்ஸி தொகுதியைக் கத்தரித்து இபோகெயினை நோரிபோகெயின் ஆக்குகிறது. இப்போது இண்டோலில் எஞ்சியிருப்பது ஒரு ஹைட்ராக்சில். செரட்டோனினில் இருக்கும் அதே இடத்தில் அது அமைந்திருக்கிறது. இபோகெயின் சில மணி நேரங்களில் இரத்தத்தில் பாதியாகக் குறைந்துவிடும். நோரிபோகெயின் குறைய ஒரு நாளுக்கு மேல் ஆகும். ஹெராயின் ஆசை பல நாள் தலைதூக்காமல் இருப்பதற்கு இந்த நோரிபோகெயின்தான் முக்கியக் காரணம் என்பது பரவலான கருத்து.

இவை மூளையில் ஒரே இடத்தில் வேலை செய்வதில்லை. நரம்புசெல்களில் வேதிச் சமிக்ஞைகளை வாங்கும் புரதங்களை ஏற்பிகள் என்பார்கள். குளுட்டமேட் என்ற சமிக்ஞைப் பொருளின் என்எம்டிஏ ஏற்பியைத் தடுக்கின்றன. கப்பா வகை ஓபியாய்டு ஏற்பியைத் தொடுகின்றன. நிகோட்டின் ஏற்பிகளில் ஆல்ஃபா3பீட்டா4 என்ற வகையை அடைக்கின்றன. செரட்டோனினை நரம்புசெல்லுக்குள் திரும்ப இழுக்கும் புரதத்தை, வழக்கமான மனச்சோர்வு மருந்துகளைப் போல வெளிப்புறம் அடைக்காமல், உள்நோக்கித் திறந்த நிலையில் சிக்கவைக்கின்றன. 2019இல் அந்தப் புரதத்தின் நுண்படம் எடுத்து இதை நேரில் காட்டினார்கள். நரம்புசெல்களை வளர்க்கும் ஜிடிஎன்எஃப் என்ற புரதத்தின் அளவை இபோகெயின் கூட்டுகிறது என்றும், அதனால் எலிகள் மது குடிப்பது குறைந்தது என்றும் 2005இல் ஓர் ஆய்வு வந்தது. இத்தனையில் எது முக்கியம் என்ற விவாதம் முடியவில்லை. என் கணிப்பு, ஒன்று மட்டும் என்று தேடுவதே வீண். பல இடங்களில் மெதுவாகத் தட்டுவதுதான் இதன் பலம்.

அதே குணம்தான் இதன் ஆபத்தும். இதயத்தில் ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் தசை மறுபடி தயாராக, பொட்டாசியம் அயனிகள் வெளியேற வேண்டும். அதற்கான வாயில்களில் ஹெர்க் என்ற ஒன்றை இபோகெயினும் நோரிபோகெயினும் அடைத்துவிடுகின்றன. இதயம் மறுபடி தயாராக எடுக்கும் நேரத்தைக் காட்டும் கியூடி இடைவெளி ஈ.சி.ஜி.யில் நீளும். நீண்டுகொண்டே போனால் இதயம் தாறுமாறாகத் துடித்து நின்றுவிடலாம். 1990க்கும் 2008க்கும் இடையே இபோகெயின் எடுத்தபின் நேர்ந்த 19 மரணங்களை ஆராய்ந்து 2012இல் ஒரு கட்டுரை வெளிவந்தது. சாப்பிட்ட சில மணி நேரத்திலிருந்து மூன்று நாள்வரை எப்போது வேண்டுமானாலும் மரணம் நேர்ந்திருக்கிறது. பலருக்கு ஏற்கெனவே இதயக் கோளாறு இருந்தது, அல்லது வேறு போதைப்பொருளும் உடலில் இருந்தது. நியூசிலாந்தில் சட்டப்படி மருத்துவச் சூழலில் கொடுத்து 14 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில்கூட ஒருவர் சிகிச்சையின்போதே இறந்தார்.

இபோகெயினை மாற்றும் அந்தக் கல்லீரல் நொதியின் வேலை ஆளுக்கு ஆள் மாறும். பிறப்பிலேயே அது சரியாக வேலை செய்யாதவர்கள் இருக்கிறார்கள். ஃபுளூஆக்சிடின், பராக்சிடின் போன்ற மனச்சோர்வு மாத்திரைகள் அதை முடக்கிவிடும். அப்போது ஒருவருக்குப் பாதுகாப்பான அளவு இன்னொருவரின் இரத்தத்தில் பல மடங்காகத் தேங்கும். ஹெராயின் பழக்கத்துக்குச் சிகிச்சையாகக் கொடுக்கும் மெதடோனும் கியூடியை நீட்டும் மருந்து. அதோடு இபோகெயின் சேர்ந்தால் இரட்டை அடி. ஹெராயினை நிறுத்தத் துடிக்கும் ஒருவருக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்து பொட்டாசியமும் மெக்னீசியமும் ஏற்கெனவே குறைந்திருக்கும், அதுவும் இதயத்துக்கு எதிராகவே வேலை செய்யும். புவிட்டியில் பொறுப்பாளர்கள் பக்கத்தை விட்டு நகராமல் காவல் இருந்தார்கள் என்று சொன்னேனே, அந்த மரபுக்கு இதன் கடுமை தெரிந்தேயிருந்தது. காபோன் மரபை உண்மையிலேயே மதிப்பவர்கள் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தக் காவலைத்தான்.

இதைச் சிறிய அளவில் விற்ற காலமும் ஒன்று உண்டு. 1939இலிருந்து முப்பது ஆண்டுகள் போலப் பிரான்சில் லாம்பரேன் என்ற பெயரில் ஒரு மாத்திரை விற்றது. ஆல்பர்ட் ஷ்வைட்சர் மருத்துவமனை நடத்திய காபோன் ஊரின் பெயர் அது. இபோகாவின் நெருங்கிய இனமான தபெர்னாந்தே மானியின் சாறு, ஒரு மாத்திரையில் ஏறக்குறைய 8 மில்லிகிராம் இபோகெயின். சோர்வுக்கும் நோயிலிருந்து தேறுபவர்களுக்கும் என்று விற்றார்கள், விளையாட்டு வீரர்கள் வாங்கினார்கள். வேட்டைக்காரன் மென்ற சிட்டிகையின் தொழிற்சாலை வடிவம் என்றே சொல்லலாம். அமெரிக்கா 1960களின் பிற்பகுதியில் இபோகெயினைக் கடுமையாகத் தடைசெய்தது, பிரான்சில் 2007இல் தடை வந்தது.

அமெரிக்காவில் ஆய்வு ஒருமுறை தொடங்கி நின்றுபோனது. 1993இல் மயாமியில் மனிதர்களிடம் சோதிக்க அனுமதி கிடைத்தது, 1995இல் போதை ஆய்வுக்கான தேசிய நிறுவனம் மேற்கொண்டு பணம் தர மறுத்தது. எலிகளுக்கு மிக அதிக அளவு கொடுத்தால் சிறுமூளையின் பர்கின்யே செல்கள் அழிகின்றன என்று 1993இல் வந்த முடிவும் தயக்கத்தைக் கூட்டியது. பிறகு 2024 ஜனவரியில் ஸ்டான்ஃபோர்ட் குழு ஓர் ஆய்வை வெளியிட்டது. தலையில் அடிபட்டு மனவேதனையில் இருந்த 30 முன்னாள் அமெரிக்கச் சிறப்புப் படையினருக்கு, மெக்சிகோவில், இதயத்தைக் காக்க மெக்னீசியத்தோடு சேர்த்து இபோகெயின் கொடுத்தார்கள். ஒரு மாதம் கழித்தும் மனச்சோர்வும் அதிர்ச்சிக்குப் பிந்தைய உளநோய் அறிகுறிகளும் பெருமளவு குறைந்திருந்தன. ஒப்பிட்டுப் பார்க்க மருந்து கொடுக்காத குழு இல்லை என்பது அந்த ஆய்வின் குறை. ஆனால் மெக்னீசியம் சேர்த்தது நல்ல யோசனை. 2025இல் டெக்சாஸ் மாநிலம் இபோகெயின் ஆய்வுக்கு 5 கோடி டாலர் ஒதுக்கியது.

வேதியியலாளர்கள் இன்னொரு வழியில் போகிறார்கள். 1990களில் கிளிக், கியூனே ஆகியோர் 18-எம்சி என்ற மாற்று மூலக்கூறைச் செய்தார்கள். 2020 இறுதியில் டேவிட் ஓல்சன் குழு அந்தக் கூண்டையே அகற்றிவிட்டு டபெர்னாந்தலாக் என்ற எளிய பொருளை வெளியிட்டது. எலிகளிடம் காட்சி மயக்கத்தின் அறிகுறி இல்லை, இதய ஆபத்தும் குறைவு, ஹெராயினையும் மதுவையும் நாடுவது குறைந்தது. மனிதரிடம் இது நிலைத்தால் பெரிய முன்னேற்றம்.

செடியைப் பற்றியும் ஒரு வார்த்தை. வேரைத் தோண்டினால் செடி செத்துவிடும். வேர் தேறுவதற்குக் குறைந்தது ஐந்தாறு ஆண்டுகள் வேண்டும். வெளிநாட்டுச் சிகிச்சை மையங்களுக்காகக் காபோன் காட்டிலிருந்து திருட்டுத்தனமாக வெட்டிக் கடத்தியதில், புவிட்டி குடும்பங்களுக்கே பட்டை கிடைப்பது கடினமாகி விலை ஏறியது. 2019இல் காபோன் ஏற்றுமதியை நிறுத்தியது. தாவர வளத்தின் பயனைப் பகிர்வதற்கான நகோயா உடன்பாட்டை உலகிலேயே முதலில் ஏற்ற நாடும் காபோன்தான். இன்று சந்தையில் உள்ள இபோகெயினில் பெரும் பங்கு, மேற்கு ஆப்பிரிக்க மரமான வோகாங்கா ஆப்பிரிக்கானாவின் வோகாங்கினிலிருந்து தயாரிக்கப்படுவது. ஆகவே இணையத்தில் "காபோன் இபோகா" என்று கிடைக்கும் பொடி திருட்டுச் சரக்காகவோ கலப்படமாகவோ இருக்கும் வாய்ப்புதான் அதிகம்.

உங்கள் உறவினர் மகன் விஷயத்துக்கு வருகிறேன். ஹெராயின் வகைப் பழக்கத்துக்குப் பியூப்ரெனார்ஃபின், மெதடோன் என்ற இரண்டு மருந்துகளும் மரணத்தைக் குறைக்கின்றன என்பதற்கு இபோகெயினைவிடப் பல மடங்கு வலுவான சான்று இருக்கிறது, இந்தியாவில் இரண்டும் கிடைக்கின்றன. போதை மீட்புக்கான தேசிய இலவச உதவி எண் 14446. பெங்களூரு நிம்ஹான்ஸில் இதற்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. அவன் ஏற்கெனவே இபோகா பொடி எதையாவது வாங்கி வைத்திருந்தால் அதை அவனிடமிருந்து எடுத்துவிடுங்கள். சாப்பிட்டுவிட்டான் என்று தெரிந்தால், நன்றாக இருக்கிறான் என்று தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோய் ஈ.சி.ஜி. எடுக்கச் சொல்லுங்கள். என்ன சாப்பிட்டான், வேறென்ன மாத்திரை எடுக்கிறான் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள், மூன்று நாளாவது கண்காணிப்பில் வைக்கச் சொல்லுங்கள்.